கண்டோர் கூற்றும் கலையாக்கமும்

ஒரு படத்தை ஆக்கியவனைப் போல அதனை நுணுக்கமாக அறிந்தவர் வேறு எவரும் இலர். ஆயினும், அப்படத்தை உள்ளவாறு காண இயலாதவனும் அவனே. இது முரணாகத் தோன்றும். சற்று எண்ணிப் பார்ப்பின் உண்மை புலனாகும். ஒரு படத்தில் ஒரு சிறுமி சாலையோரத்து மரத்தடியில் நின்று தொலைவை நோக்குகிறாள். கடல் கடந்து சென்ற தன் அண்ணன் வருவான் என்று அவள் காத்திருக்கிறாள். இது படத்தை எடுத்தவனுக்குத் தெரியும். கதையை வகுத்தவன் அவனே அன்றோ? ஆதலின் அவள் கண்களில் அவன் ஏக்கத்தைக் காண்கிறான். கதையறியாது வந்து அமர்ந்த ஒருவனோ, பேருந்து இன்னும் வரவில்லையே என்று சலித்து நிற்கும் ஒரு சிறுமியைக் காண்கிறான். படம் ஒன்றுதான். ஆனால் ஆக்கியவன் தன் உள்ளத்தில் உள்ளதையும் சேர்த்துக் காண்கிறான்; பிறர் திரையில் உள்ளதை மட்டும் காண்கின்றனர்.

திரையில் உள்ளது எவ்வளவு சிறிது, காண்போர் உள்ளம் அதனோடு சேர்ப்பது எவ்வளவு பெரிது என்பதை, உருசிய நாட்டு இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனையால் காட்டினார். மொஸ்ஜுகின் என்னும் நடிகரின் முகம் உணர்ச்சியின்றி அமைதியாக இருக்கும் காட்சியை அவர் எடுத்துக்கொண்டார். அதனை ஒரு முறை சூப்புக் கிண்ணத்தின் படத்தோடு இணைத்தார். மற்றொரு முறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணின் படத்தோடு இணைத்தார். பின்னும் ஒரு முறை பொம்மையோடு விளையாடும் குழந்தையின் படத்தோடு இணைத்தார். கண்டோர் அந்நடிகரின் நடிப்பை வியந்தனர். உணவை நோக்கும்போது எத்தகைய ஆழ்ந்த நினைவு, பிணத்தை நோக்கும்போது எத்தகைய துயரம், குழந்தையை நோக்கும்போது எத்தகைய மகிழ்ச்சி என்று அவர்கள் பாராட்டியதாக, குலெஷோவின் மாணாக்கர் புடோவ்கின் எழுதிவைத்துள்ளார். மூன்றிலும் இருந்தது ஒரே முகமே. இங்ஙனம் படத்தின் பொருளில் ஒரு பகுதி காண்போரிடத்தே பிறக்குமாயின், அவரைக் கேளாமலே அதன் பொருள் இன்னதென்று துணிவது எங்ஙனம்?

இவ்வினா, பாட்டுக்கென எடுக்கப்படும் இசைக் காணொளியில் இன்னும் கூர்மை பெறுகிறது. பாட்டின் நீளமே அதன் நீளம். அது பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நிமிடத்திற்குள் அடங்கும். அதில் பெரும்பாலும் உரையாடல் இராது. கதையில் விளங்காத இடத்தைப் பாத்திரம் ஒன்று வாய்திறந்து விளக்குவதற்கு வழியில்லை. காட்சியும் பாட்டின் சொல்லும் இசையின் அடியும் சேர்ந்தே பொருளை உணர்த்தவேண்டும். குவீன் என்னும் ஆங்கில இசைக்குழுவினர் 1975இல் 'பொகீமியன் ராப்சடி' என்னும் பாட்டுக்கு எடுத்த படம் இவ்வகைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. 1981 ஆகஸ்டு 1ஆம் நாள் அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி தொடங்கியபின், பாட்டு வெளியிடுவோர் காணொளியும் சேர்த்தே வெளியிடும் வழக்கம் பரவியது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் மாணவனும் ஒரு காணொளியை எடுத்துத் தொகுத்துவிட இயலும். கருவி எளிதாயிற்று, கலை எளிதாகவில்லை.

இங்கிலாந்தில் பதினாறு வயதைக் கடந்த மாணவர் பயிலும் ஏ-லெவல் வகுப்பில் ஊடகவியலும் ஒரு பாடமாகும். ஓ.சி.ஆர். என்னும் தேர்வு அமைப்பு 2010ஐ அடுத்த ஆண்டுகளில் நடத்திய பாடத்திட்டத்தில், ஒரு பாட்டுக்கு இசைக் காணொளி எடுத்து, அதன் இசைத்தட்டுக்கு உறையும் இதழ் விளம்பரமும் ஆக்குவது மாணவர் தெரிந்தெடுத்துக்கொள்ளக்கூடிய பணிகளுள் ஒன்றாக இருந்தது. பணி முடிந்தபின் மாணவர் நான்கு வினாக்களுக்கு விடையிறுக்க வேண்டும். அவற்றுள் ஒன்று, பார்ப்போர் கூறிய கருத்துகளிலிருந்து கற்றுக்கொண்டது யாது என்பதாகும். இவ்வினா இறுதியில் கேட்கப்படுவதால், பார்ப்போரை இறுதியில் கேட்டால் போதும் என்று மயங்குவது எளிது. அங்ஙனம் மயங்கியவர், திருத்த முடியாத நிலையில் குறைகளைத் தெரிந்துகொண்டு, அவற்றை விடைத்தாளில் வரிசையாக எழுதுவதோடு நின்றுவிடுவர்.

தொழிலறிந்தோர் அங்ஙனம் செய்யவில்லை. ஹாரல்டு லாயிடு என்னும் அமெரிக்க நகைச்சுவை நடிகர் 1920களில் தம் படங்களை வெளியிடுமுன், அவற்றைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டுவார். சிரிப்பு எழவேண்டிய இடத்தில் எழாவிடின், அவ்விடம் வெட்டப்படும். அல்லது மீண்டும் எடுக்கப்படும். பேசும்படம் வந்தபின் வேறொரு சிக்கல் தோன்றியது. மக்கள் உரக்கச் சிரிக்கும்போது அடுத்துவரும் சொல் செவியில் விழுவதில்லை. மேடை நடிகன் சிரிப்பு அடங்கும்வரை நின்று பேசுவான். திரையில் உள்ள உருவம் நிற்குமா? மார்க்ஸ் சகோதரர் 1935இல் 'எ நைட் அட் தி ஆப்பரா' என்னும் படத்தில் நடித்தபோது, தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க் இதற்கு ஒரு வழி கண்டார். படப்பிடிப்புக்கு முன்பே சில காட்சிகளை ஊர்தோறும் மேடையில் நடித்துக் காட்டுமாறு அவர்களை அனுப்பினார். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு நேரம் சிரிப்பு நீடிக்கிறது என்று அங்கே கணக்கிட்டனர். படத்தில் அவ்வளவு இடைவெளி விட்டனர்.

இன்னும் வியப்பானது பில்லி வைல்டர் இயக்கிய 'சன்செட் புல்வார்டு' என்னும் படத்தின் வரலாறு. 1950இல் வெளிவந்த அப்படம் முதலில் ஒரு சவக்கிடங்கில் தொடங்கியது. அங்கே கிடத்தப்பட்ட கதைத்தலைவனின் பிணம், அருகிலுள்ள பிணங்களோடு உரையாடித் தன் கதையைக் கூறும். இயக்குநர் இதனை அச்சமும் துயரமும் கலந்த தொடக்கமாகவே கருதியிருந்தார். இல்லினாய் மாநிலத்து எவான்ஸ்டன் நகரில் முன்னோட்டமாகக் காட்டியபோது, பிணத்தின் கால்விரலில் பெயர்ச்சீட்டைக் கட்டும் இடத்திலேயே அரங்கில் சிரிப்பு வெடித்தது. தொடக்கத்தில் சிரித்தவர்கள் பின்னர் வந்த சோகத்தோடு ஒன்ற இயலவில்லை. வைல்டர் மக்களைக் குறைகூறவில்லை. அக்காட்சியை முழுவதும் நீக்கினார். நீச்சற்குளத்தில் மிதக்கும் உடலோடு தொடங்கும் புதிய பகுதி சேர்க்கப்பட்டது. அதுவே இன்று உலகம் அறிந்த தொடக்கம். அப்படம் மூன்று ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

பெரிய நிறுவனத்தார்க்கு இது இயலும். மாணவர்க்கு இயலுமா என்று ஐயுற வேண்டுவதில்லை. மாணவர்க்கு இது எளிதுங்கூட. ஆனால் எந்நேரத்தில் கேட்பது என்பதை அறியவேண்டும். படம்பிடிக்குமுன், காட்சிகளைத் தாளில் கோட்டோவியங்களாக வரைந்து, அவற்றைப் பாட்டின் நேரத்திற்கேற்ப அடுக்கி ஓடவிட்டு நாலைந்து பேருக்குக் காட்டலாம். அந்நிலையில் ஒரு காட்சியை மாற்ற ஓர் அழிப்பானே போதும். படம்பிடித்து முதல்முறை தொகுத்தபின் அதே மாற்றத்திற்கு ஒரு நாள் படப்பிடிப்பு வேண்டும். நடித்த மாணவி அதற்குள் தலைமுடியை வெட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இயலாது!

எங்ஙனம் கேட்பது என்பது இதனினும் அரிய கலை. "படம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால், "மிக நன்று" என்னும் விடையே வரும். நண்பன் நட்பைக் கருதிச் சொல்வான். தாய் அன்பினால் சொல்வாள். அவ்விடையால் உள்ளம் மகிழும், படம் திருந்தாது. படம் எதைப் பற்றியது என்று முன்கூட்டியே விளக்கிவிட்டுக் காட்டுவதும் பயனற்றது. விளக்கத்தைக் கேட்டவர் தாமும் ஆக்கியவரைப் போலவே இல்லாததையும் சேர்த்துக் காணத் தொடங்கிவிடுவர். ஒன்றும் கூறாது காட்டி, "கண்ட கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்பதே சிறந்தது. மேலே கூறிய சிறுமியின் கதையை மாணவர் நால்வர் காணொளியாக எடுத்தனர் எனக் கொள்க. பார்த்தவர் எழுவரில் ஐவர், "அவள் யாருக்காகவோ காத்திருக்கிறாள்; யாருக்கென்று தெரியவில்லை" என்று கூறினால், குறை எங்கே என்பது விளங்கிவிடும். நன்று, தீது என்னும் மதிப்பீடு ஒன்றும் அங்கே வேண்டுவதில்லை.

வாய்ச்சொல்லைவிட உடல் உண்மையை மிகுதியாகச் சொல்லும். திரையைப் பார்க்காமல் பார்ப்போரைப் பார்க்கின்ற மாணவன் பலவற்றை அறிவான். எந்த விநாடியில் ஒருவர் சாய்ந்து அமர்ந்தார், எப்போது கை கைப்பேசியைத் தேடியது, எவ்விடத்தில் புருவம் சுருங்கியது என்று குறித்துக்கொண்டு, பின்னர்ப் படத்தின் அந்த விநாடியை எடுத்து ஆராயலாம். இரண்டாவது பல்லவியில் மூவர் முகம் திருப்பியிருந்தால், முதற்பல்லவியில் கண்ட காட்சிகளே அங்கும் திரும்ப வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது நலம்.

அனைவரையும் ஓரிடத்தில் வைத்து வாய்மொழியாகக் கேட்பதில் ஒரு தீங்கு உண்டு. முதலில் பேசுபவர் கருத்தே மற்றவர் கருத்தாகிவிடும். சாலமன் ஆஷ் என்னும் உளவியலறிஞர் 1951இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்று. ஒரு கோட்டோடு ஒத்த நீளமுள்ள கோடு எது என்று கூட்டமாக இருந்தவர்களை அவர் கேட்டார். கூட்டத்தில் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் தவறான விடையைச் சொல்லுமாறு முன்பே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். அந்த ஒருவர், தம் கண்ணெதிரே உள்ள கோட்டைக் கண்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வினாக்களில் பிறர் சொன்ன தவறான விடையையே தாமும் சொன்னார். தனியே இருந்து விடையளித்தவர்களோ நூற்றுக்கு ஒரு பங்குகூடப் பிழைசெய்யவில்லை. கோட்டின் நீளத்திலேயே இந்நிலை என்றால், ஒரு பாட்டின் அழகைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஆதலின் ஒவ்வொருவரும் முதலில் தனித்தாளில் எழுதித் தருவதும், அதன்பின் கூடிப் பேசுவதும் முறையாகும்.

சில குறைகள் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாதவை. பாடுபவரின் வாயசைவும் ஒலியும் பொருந்தாமை அத்தகையது. பார்ப்போர், "ஏதோ சரியில்லை, பாடுவது பொய்யாகத் தோன்றுகிறது" என்று மட்டுமே கூறுவர், காரணம் கூற அவர்களால் இயலாது. காரணத்தைக் காண்பது மாணவன் கடமை. ஐரோப்பிய நாடுகளின் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 படச்சட்டங்கள் ஓடுகின்றன; ஒரு சட்டத்தின் காலம் 40 மில்லிவிநாடி. ஒலி, படத்தை ஏறத்தாழ 45 மில்லிவிநாடி முந்தினாலே மனிதர் உணர்ந்துவிடுவர் என்றும், பின்தங்கினால் ஏறத்தாழ 125 மில்லிவிநாடி வரை உணரார் என்றும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று கூறுகிறது. இவ்வேறுபாடு ஏன்? ஒளி ஒலியைவிட மிக விரைந்து செல்வது. தொலைவில் விறகு வெட்டுபவனின் கோடரி மரத்தில் படுவதைக் கண்ட பின்னரே ஓசையைக் கேட்கிறோம். ஒலி பின்தங்குவது இயற்கையில் உண்டு; முந்துவது இல்லை. எனவே ஒலி ஒரு சட்டத்திற்குச் சற்று மிகுதியாக முந்தினாலும் மனம் அதனை ஏற்பதில்லை. தொகுப்பின்போது படத்தை ஓரிரு சட்டங்கள் முன்னே நகர்த்தினால், "பொய்யாகத் தோன்றுகிறது" என்ற குறை மறைந்துவிடும். பாடியவரின் நடிப்பைக் குறைகூறி மீண்டும் படம்பிடிக்கப் புறப்பட்டிருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். பார்ப்போர் நோயை அறிவர், மருந்தை அறியார். வயிறு வலிக்கிறது என்று நோயாளி சொல்வதை மருத்துவர் நம்புகிறார். இன்ன மருந்தைக் கொடுங்கள் என்று அவன் சொன்னால் அங்ஙனமே கொடுப்பதில்லை. "இறுதிக் காட்சி நீளமாக இருக்கிறது, வெட்டுங்கள்" என்று பலர் கூறலாம். ஆனால் இறுதிக் காட்சி உண்மையில் குறுகியதாகவே இருக்கக்கூடும். அண்ணன் யார் என்பது தொடக்கத்தில் தெரியாமையால், அவன் திரும்பிவரும்போது பார்ப்போர்க்கு அவன்மேல் பற்றில்லை; பற்றில்லாதபோது பத்து விநாடியும் நெடும்பொழுதாகத் தோன்றும். தொடக்கத்தில் அண்ணனும் தங்கையும் அம்மரத்தில் ஊஞ்சலாடும் நான்கு விநாடிக் காட்சி ஒன்றைச் சேர்த்தால், இறுதியை ஒரு சட்டமும் வெட்டாமலே அது குறுகியதாகிவிடும். பெரும்பான்மையோர் சொன்ன திருத்தத்தைச் செய்திருந்தாலோ, படத்தில் நல்லதாக இருந்த பகுதியே போயிருக்கும்.

பார்ப்போர் சொல்லை ஆராயாது பின்பற்றியதால் மீளா இழப்பு நேர்ந்ததும் உண்டு. ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'தி மாக்னிபிசெண்ட் ஆம்பர்சன்ஸ்' என்னும் படம், அவர் முதலில் தொகுத்த வடிவில் ஏறத்தாழ 130 நிமிடம் ஓடியது. அது 1942 மார்ச்சு 17ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள பொமோனாவில், சில பகுதிகள் சுருக்கப்பட்டு, முன்னோட்டமாகக் காட்டப்பட்டது. அன்று அவ்வரங்கிற்கு வந்தோர் 'தி பிளீட்ஸ் இன்' என்னும் ஆடல்பாடல் நிறைந்த களிப்பூட்டும் படத்தைக் காண வந்தவர்கள், பெரும்பாலோர் இளைஞர். பாட்டையும் கூத்தையும் கண்டு மகிழ்ந்திருந்த அவர்கள்முன், ஒரு குடும்பம் சிறிது சிறிதாக நொடிந்துபோகும் துயரக்கதையைத் திரையிட்டனர். எள்ளி நகைத்தனர், எழுந்து சென்றனர். இரண்டு நாள் கழித்துப் பசடேனாவில் காட்டியபோது வரவேற்பு நன்றாகவே இருந்தது. ஆயினும் ஆர்.கே.ஓ. நிறுவனத்தார் முதற்கூட்டத்தின் வெறுப்பையே பெரிதாகக் கொண்டனர். வெல்ஸ் அப்போது வேறொரு படத்திற்காகப் பிரேசில் நாட்டில் இருந்தார். அவர் உடன்பாடின்றிப் படம் வெட்டப்பட்டு, வேறு முடிவும் எடுத்துச் சேர்க்கப்பட்டு, 88 நிமிட அளவில் வெளிவந்தது. வெட்டிய பகுதிகள் அழிக்கப்பட்டன. அவற்றைத் தேடியவர் பலர், எவர்க்கும் கிடைக்கவில்லை.

பொமோனாவில் சிரித்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அப்படத்திற்கு உரியவர் அல்லர், அவ்வளவே. ஒரு தாலாட்டுக்கு எடுத்த காணொளியைக் கால்பந்தாட்டம் முடிந்து வந்த கூட்டத்தினிடம் காட்டிக் கருத்துக் கேட்பதும் இத்தகையதே. ஆதலின், ஒருவர் எழுதிய கருத்தின் ஓரத்தில், அவர் எத்தகைய இசையைக் கேட்பவர், எவ்வயதினர் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். மற்றொன்றும் செய்யவேண்டும்: திருத்துமுன் பழைய தொகுப்பைத் தனியே சேமித்துவைப்பது. இன்று அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. 1942இல் அங்ஙனம் செய்திருந்தால் உலகம் ஒரு முழுப்படத்தை இழந்திராது.

'தி விசர்டு ஆப் ஆஸ்' என்னும் படம் 1939இல் வெளிவருமுன் முன்னோட்டமாகக் காட்டப்பட்டபின், படம் நீண்டுவிட்டது என்று அதனைச் சுருக்க முற்பட்டனர். 'தி ஜிட்டர்பக்' என்னும் பாட்டு நீக்கப்பட்டது. அதனால் கதைக்குக் குறைவு நேரவில்லை. ஜூடி கார்லண்டு பாடிய 'ஓவர் தி ரெயின்போ' என்னும் பாட்டும் கதையின் விரைவைத் தடுக்கிறது என்று கருதி நீக்கப்பட்டது. ஆர்தர் பிரீடு முதலியோர் வாதாடி அதனை மீட்டனர். அப்பாட்டு ஆஸ்கார் பரிசு பெற்றது. விரைவைத் தடுக்கிறது என்ற குற்றச்சாட்டு பொய்யன்று. கதை அங்கே நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அச்சிறுமி எதற்கு ஏங்குகிறாள் என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால் என்னும் அறிஞர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றில், காண்போர் ஒரு படத்தின் பொருளை மூவகையாகக் கொள்ளக்கூடும் என்று காட்டினார். ஆக்கியோன் கருதியவாறே கொள்வது ஒன்று. பெரும்பகுதியை ஏற்றுச் சிலவற்றைத் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிக்கொள்வது ஒன்று. கருதியதைத் தெளிவாக உணர்ந்தும் அதனை மறுத்து எதிர்நிலையில் நிற்பது மற்றொன்று. காத்திருக்கும் சிறுமியின் படத்தைக் கண்ட ஒருவர், அண்ணன்மேல் அவள் கொண்ட அன்பை எண்ணி உருகலாம். இன்னொருவர், "ஏக்கம் உண்மைதான், ஆனால் இக்காலத்தில் அவள் தொலைபேசியில் பேசியிருக்க மாட்டாளா?" என்று கேட்கலாம். கையில் ஒரு பழைய கடிதத்தைக் கொடுத்துக் கதையை முற்காலத்ததாக்கினால் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மூன்றாவதாக ஒரு மாணவி எழுந்து, "உலகைக் காணச் செல்பவன் எப்போதும் ஆண், வீட்டருகே காத்திருப்பவள் எப்போதும் பெண். இது ஏன்?" என்று வினவினாள் எனக் கொள்க. அவள் படத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. எழுவருள் மிகச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவளே. வெட்டியும் ஒட்டியும் இதற்கு விடை கூற இயலாது. வினா படத்தின் தொகுப்பைப் பற்றியதன்று. அதன் எண்ணத்தைப் பற்றியது. கேட்டவர் ஒருவரே என்று எண்ணிக்கை காட்டித் தள்ளவும் இயலாது. தங்கை கப்பலேற, அண்ணன் மரத்தடியில் நிற்குமாறு கதையை மாற்றுவதா, பாட்டின் சொற்கள் அதற்கு இடங்கொடுக்குமா, கொடாவிடின் எடுத்த கதையிலேயே நின்று அதற்கு உரிய காரணத்தை எழுதுவதா என்று அந்நால்வரும் அமர்ந்து பேசவேண்டியதுதான்.